சதுரடியில் சேராத துளை

சுவரில் பேனல் அடிக்கக் கூலி பேசும்போது சதுரடியில்தான் பேசுகிறோம். நீளத்தையும் உயரத்தையும் பெருக்கி, விலையைப் போட்டு, வந்த தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். அந்தச் சுவரில் எத்தனை சுவிட்ச் போர்டு, எத்தனை பிளக் பாயின்ட் என்பது பேச்சில் வருவதே இல்லை. வேலை தொடங்கியபின் பார்த்தால் தச்சர் அதிக நேரம் நிற்பது அங்கேதான். எட்டடிப் பேனலை ரசமட்டம் பார்த்து நிறுத்துவதைவிட, கையகலத் துளை ஒன்றைப் பிசகில்லாமல் வெட்டி, அதற்குள் இருக்கும் பாக்ஸையும் ஒயரையும் ஒழுங்காக வெளிக்கொண்டுவருவது பெரிய வேலை. சுவரின் அழகு பேனலில் இருக்கலாம். அந்த வீட்டில் தூங்குகிறவர்களின் பாதுகாப்பு துளையின் விளிம்பில் இருக்கிறது. சதுரடிக் கணக்கில் அந்த விளிம்புக்கு இடமே இல்லை.

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் புதிதாகக் குடிபோகும் வீடுகளில் ஏதாவது ஒரு சுவராவது இப்போது பேனலுக்குப் பின்னால் போய்விடுகிறது. பெரும்பாலும் டிவி இருக்கும் சுவர். அதற்கு அடுத்தபடியாகக் கட்டிலின் தலைமாட்டுச் சுவர். வசதி இருந்தால் பிளைவுட் அடித்து மேலே மைக்கா ஒட்டுகிறார்கள். இல்லாவிட்டால் எம்டிஎஃப், அதுவும் இல்லாவிட்டால் தேக்கு ரேகை அச்சடித்த பிவிசி. வரிவரியாகப் பள்ளமும் மேடுமாக இருக்கும் லூவர் பேனல்தான் இன்றைக்கு எல்லோரும் கேட்பது. வாடகை வீடுகளிலேயே காலம் கழித்துவிட்டு, கடன் வாங்கி ஒரு வீட்டைக் கட்டி முடித்தவர்கள், ஒரு சுவராவது கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று நினைப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த ஆசைக்கு உரிய மரியாதையோடு வேலை நடக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

மரப்பலகையால் சுவரை மூடுவது குளிர்நாடுகளில் வேரூன்றிய பழக்கம். இங்கிலாந்தில் டியூடர் காலத்து மாளிகைகளில் கற்சுவரின் சில்லிப்பு உடம்பில் ஏறாமலிருக்க ஓக் பலகை அடித்தார்கள். நம் பக்கத்தில் மரத்துக்கு வேறு இடம் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் அது தூணாகவும் நிலையாகவும் உத்தரமாகவும் நின்றது. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய அந்தப் பூச்சு நூறாண்டு தாண்டியும் கைக்கு வழவழவென்று இருக்கிறது. வெயில் காலத்தில் அதில் முதுகைச் சாய்த்தால் தெரியும், சுவர் சுவராகவே இருப்பதன் சுகம்.

மின்சாரம் வந்தபோதும் சுவரை யாரும் உடைக்கவில்லை. சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவைப் பக்கத்து ஆலைகளுக்கும் ஊர்களுக்கும் மின்சாரம் பாய்ந்தது. அந்தக் காலத்து வீட்டு ஒயரிங்கை இன்றும் சில பழைய வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பார்க்கலாம். தேக்குப் பட்டியைச் சுவரில் அறைந்து, அதன்மேல் ஒயரை வைத்துத் தகரக் கிளிப்பால் மடக்கிக்கொண்டே போயிருப்பார்கள். பட்டி எங்கே திரும்புகிறதோ அங்கே ஒயரும் திரும்பும். ரவுண்டு பிளாக்கின்மேல் கறுப்பு பேக்கலைட் சுவிட்ச் உட்கார்ந்திருக்கும். கீல் வைத்த மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே மொத்தக் கணக்கும் தெரியும். எந்த ஒயர் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூட விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஆணி அடிக்கிறவருக்கு எங்கே அடிக்கக்கூடாது என்று தெரிந்தது. ஒரு முனை சூடாகிக் கருகினால் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்குப்பின் வந்தது மறைவு ஒயரிங். கொத்தனார் சுவரில் காடி எடுத்தார், பைப் பதித்தார், பாக்ஸை வைத்துச் சிமெண்டால் பூசினார். ஒயர் கண்ணிலிருந்து மறைந்தது. ஆனாலும் ஒரு நியதி மிஞ்சியிருந்தது. சுவிட்ச் போர்டிலிருந்து பைப் நேர்மேலே போகும், பிறகு கூரை ஓரமாகத் திரும்பும் என்று எலக்ட்ரீஷியன் ஊகித்துக்கொள்வார். பாக்ஸின் வாய் பூச்சோடு சமமாக இருந்தது. சுற்றிலும் இருந்தது செங்கல்லும் சிமெண்டும், தீப்பற்றாத பொருள். உள்ளே பொறி பறந்தாலும் அந்தப் பாக்ஸுக்குள்ளேயே அடங்கிவிடும்.

பேனல் அடிக்கும்போது மாறுவது இந்தக் கடைசி ஏற்பாடு. சுவரில் 12 மில்லிமீட்டர் ரீப்பர் சட்டம், அதன்மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் மைக்கா. கூட்டினால் 25, அதாவது ஓர் அங்குலம். முகப்பு ஓர் அங்குலம் முன்னால் வந்துவிட்டது. பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குலச் சந்து. அதன் நான்கு பக்கமும் இப்போது மரம்.

பெரும்பாலான வீடுகளில் இந்தச் சந்தை நீள ஸ்க்ரூவால் கடந்துவிடுகிறார்கள். பழைய ஸ்க்ரூ எட்டாது, ஆகவே நீளமானதைப் போட்டு பிளேட்டை முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் சுவிட்சும் சாக்கெட்டும் மாட்டியிருக்கும் சட்டம் இப்போது பாக்ஸின்மேல் படிந்து உட்காரவில்லை. இரண்டு நீள ஸ்க்ரூவின் பலத்தில் அந்தரத்தில் நிற்கிறது. அயர்ன் பாக்ஸின் பிளக்கைச் செருகும்போது உள்ளே போகிறது, பிடுங்கும்போது வெளியே வருகிறது. ஒவ்வொரு தடவையும் பின்னால் இருக்கும் ஒயர் இழுபடுகிறது. ஒயர் இழுபட இழுபட டெர்மினல் ஸ்க்ரூ தளர்கிறது. பிளக் செருகும்போது பிளேட் ஆடினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டெர்மினல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தண்ணீர் சூடாக்கும் கீசரோ ஏசியோ ஓடும்போது எட்டு ஆம்பியர் அளவில் மின்சாரம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளர்ந்த முனையில் 0.2 ஓம் மின்தடை இருந்தால் அந்த இடத்தில் உண்டாகும் வெப்பம் எட்டை எட்டால் பெருக்கி 0.2ஆல் பெருக்கியது, ஏறக்குறைய 13 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதி, பேனா முனையளவு இடத்தில், மணிக்கணக்காக. ஒயரின் மேலுறையாக இருக்கும் சாதாரண பிவிசி 70 டிகிரிக்கு மேல் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. முதலில் அது இறுகி நொறுங்கும். முனை இன்னும் சூடாகும். ஒருநாள் பொறி பறக்கும். எம்சிபி விழாதா என்று கேட்பார்கள். விழாது. அது அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தைத்தான் பார்க்கும். இங்கே பாய்வது வழக்கமான எட்டு ஆம்பியர்தான். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் ஆர்சிசிபியும் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் எர்த்துக்கு எதுவும் கசியவில்லை. தளர்ந்த முனையைக் கண்டுபிடிக்கும் கருவி சாதாரண வீட்டு மெயின் பெட்டியில் கிடையாது. அதைப் பிடிப்பது மூக்கும் கையும்தான். போர்டின் பக்கம் கருகல் வாடை, பிளேட்டைத் தொட்டால் இளஞ்சூடு.

அந்த வெப்பத்துக்குப் பக்கத்தில் முன்பு இருந்தது சிமெண்ட். இப்போது இருப்பது வெட்டுப்பட்ட பிளைவுட்டின் சிலாம்பு விளிம்பு. நெடுநாள் சூட்டில் வறுபடும் மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகும். கரியான மரம் எளிதில் தீப்பிடிக்கும். பிவிசி பேனலானால் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகிறது. மூச்சுக்குழாயை அரிக்கும் வாயு. பாக்ஸுக்கும் முகப்புக்கும் நடுவில் விழும் இடைவெளியைப் பற்றி அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு மிகத் தெளிவாகப் பேசுகிறது. தீப்பற்றாத சுவரானால் பாக்ஸின் வாய் முகப்பிலிருந்து கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் வரை உள்வாங்கியிருக்கலாம். மரம் போன்ற எரியும் பொருளானால் துளிகூட உள்வாங்கக் கூடாது. முகப்புக்குச் சமமாக இருக்க வேண்டும், அல்லது வெளியே நீண்டிருக்க வேண்டும். மரவீடுகளில் வாழ்ந்து, தீயைப் பார்த்து எழுதிய விதி அது. நம் வீடுகள் செங்கல் வீடுகள் என்பதால் அந்தப் பயம் நமக்குப் பழகவில்லை. சுவருக்கு மரச்சட்டை போட்டபின் அந்தச் சுவரைப் பொறுத்தவரை நாமும் மரவீட்டுக்காரர்கள்தான்.

சரியாகச் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேளச்சேரிப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் டிவி சுவருக்கு லூவர் பேனல் போட்டார்கள். தச்சர் நாகர்கோவில்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். பேனலைக் கையில் எடுப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வரச்சொல்லிவிட்டார்.

“தம்பி, மெயின் ஆஃப் பண்ணியாச்சா?”

“எம்சிபி இறக்கிட்டேண்ணே.”

“இன்வெர்ட்டரு?”

இளைஞர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். விளக்கு எரிந்தது. எம்சிபி இறங்கியிருந்தும் அந்த போர்டில் ஒரு சுவிட்சுக்கு இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் வந்துகொண்டிருந்தது. மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கிய எந்த வீட்டிலும் இது இருக்கலாம். மெயினை நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஒயரைத் தொடுகிறவருக்கு அந்த ஒரு லைன் போதும். தச்சர் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி, மின்வேலை கற்று வந்தவருக்குத் தோன்றவில்லை.

இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகு பிளேட்டைக் கழற்றினார்கள். ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றி பாக்ஸுக்குள் மடக்கி வைத்தார்கள். ஒயர் கட்டையாக இருந்தது. ஓர் அங்குலம் முன்னால் இழுத்தால் டெர்மினலுக்கு எட்டாது. முறுக்கி ஜாயின்ட் போட்டுப் பேனலுக்குப் பின்னால் விட்டுவிடுவது வழக்கமாக நடப்பது. தச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. “பொறத்தால போற ஜாயின்ட்ட நாளைக்கு எவன் பாப்பான்?” என்றார். அந்த நீளத்துக்குப் புது ஒயர் இழுக்கப்பட்டது. பழைய பாக்ஸுக்கு முன்னால் பைப்பை நீட்டி, ரீப்பர்மேல் இன்னொரு மெட்டல் பாக்ஸைப் பேனல் முகத்துக்குச் சமமாக வரும்படி நிறுத்தினார்கள். அந்தப் பாக்ஸுக்கும் பச்சை ஒயரை முறுக்கினார் இளைஞர். தகரப் பாக்ஸுக்கு எர்த் கொடுப்பதைப் பலர் விட்டுவிடுவார்கள்.

பிறகுதான் துளை. பாக்ஸின் விளிம்பில் சாக்பொடியைத் தடவி, பேனலை அதன் இடத்தில் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினார். பின்பக்கம் வெள்ளைச் செவ்வகம் பதிந்தது. அளவுநாடாவாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். நான்கு மூலையிலும் டிரில் போட்டு, ஜிக்சாவைக் கோட்டுக்கு உள்ளேயே ஓட்டி, மீதியை அரத்தால் எடுத்தார். பிளேட் துளையை மூடுவது சுற்றிலும் சில மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டி வெட்டினால் மறைக்க வழியில்லை; முழுப் பேனலும் வீண்.

லூவரில் இன்னொரு சிக்கல் உண்டு. பிளேட் மேட்டின்மேல் உட்காரும், பள்ளங்களின் வழியாக மேலும் கீழும் சந்து தெரியும். சிலர் சிலிக்கான் அடைத்துவிடுவார்கள். சில நாளில் அதில் தூசி படிந்து கறுத்துவிடும். இவர் பிளேட்டைவிடச் சற்றுப் பெரிதாக லூவரை நேர்க்கோட்டில் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதே நிற மைக்கா ஒட்டிய தட்டைப் பலகை ஒன்றைப் பதித்தார். அதன்மேல் பிளேட் தட்டையாக, ஆடாமல், சுற்றிலும் ஒரே அளவு ஓரம் விட்டு உட்கார்ந்தது. பிளக்கைச் செருகிப் பிடுங்கிப் பார்த்தார். அசையவில்லை. வீட்டம்மா நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, “இதுக்கே இவ்வளவு நேரமாண்ணே?” என்றார். “இதுக்குத்தாம்மா நேரம். மத்ததெல்லாம் ஓடிரும்” என்றார் அவர். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது அதே சதுரடிக் கூலிதான்.

இந்த இடத்தில் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் நினைவுக்கு வருகிறார். 1898இல் சுவரை மூடும் பொருள்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூடும் பொருள், தான் மூடியிருக்கும் பொருளைப் போல வேடம் போடக் கூடாது என்பது அவர் கட்சி. மரத்துக்கு எந்த வண்ணமும் பூசலாம், மரத்தின் வண்ணத்தைத் தவிர என்று அவர் வாதிட்டார். கேரளத்தில் லாரி பேக்கர் பூச்சையே பல இடங்களில் தவிர்த்து, செங்கல்லைச் செங்கல்லாகவே நிற்கவிட்டார். இருவர்மேலும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தேக்கு ரேகை அச்சடித்த பிவிசியைப் பார்த்து முகம் சுளிக்க என்னால் முடியவில்லை. தேக்கு விலை என்னவென்று தெரிந்தவர்கள் யாரும் சுளிக்க மாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை சுவரின் நேர்மை வேறொன்றில் இருக்கிறது. உள்ளே ஓடும் ஒயரை நாளைக்கு ஒரு எலக்ட்ரீஷியன் வந்து பேனலை உடைக்காமல் தொட முடிகிறதா? முடிந்தால் அது நேர்மையான சுவர், மேலே எந்த வேடம் போட்டிருந்தாலும்.

பேனலுக்குப் பின்னால் வேறு சில விஷயங்களும் ஒளிந்துகொள்கின்றன. சென்னையில் ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிச்சுவர் நனைந்தால் உட்பூச்சில் ஓதம் ஏறி உப்புப் பூக்கும். அந்தக் கறையை மறைக்கவே பேனல் போடுகிற வீடுகள் ஏராளம். ஓதம் போய்விடுவதில்லை, பாக்ஸுக்குள் ஈரம் கோத்து, ஸ்க்ரூ துருப்பிடிக்கிறது. ஈர மரத்தை மோப்பம் பிடித்துக் கறையான் வருகிறது. துளையில் விட்ட இடைவெளி வழியாகப் பல்லி பாக்ஸுக்குள் போய், இரண்டு டெர்மினலுக்கும் நடுவே கருகிக் கிடப்பதை எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால் சொல்வார்கள். சாக்கெட் துளையில் குளவி மண்ணால் கூடு கட்டுவதும் நாம் பார்ப்பதுதான். ஓதம் உள்ள சுவரில், கசிவு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின்தான் பேனலைப் பற்றிப் பேசவே வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் ஒயரிங் செய்கிறவருக்குத் தகுதிச் சான்று உண்டு. மின்கம்பியாளர் உதவியாளருக்குத் தகுதிகாண் தேர்வே நடக்கிறது. பேனல் அடிக்கிறவரிடம் யாரும் எந்தச் சான்றும் கேட்பதில்லை. ஆனால் ஒயரிங்கை உள்ளே வைத்து மூடுவது அவர்தான். இன்று நகரங்களில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் ராஜஸ்தானிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களுக்குக் கைத்திறமைக்குக் குறைவில்லை. சதுரடிக்கு ஒப்பந்தம் எடுத்தவர், மாலைக்குள் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நிற்கும்போது, பாக்ஸை முன்னால் கொண்டுவர அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? நீள ஸ்க்ரூவைப் போட வைப்பது நாம் பேசிய கூலிதான். வேகத்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் பக்குவத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதில் தச்சரைவிட வீட்டுக்காரரே அதிகம் பொறுப்பு.

ஆகவே, வீட்டில் பேனல் போட நினைக்கும் நண்பர்களே, கொட்டேஷன் வாங்கும்போது சதுரடிக்குக் கீழே இன்னொரு வரியை எழுதச் சொல்லுங்கள். சுவிட்ச் பாக்ஸ் இத்தனை, ஒவ்வொன்றையும் பேனல் முகத்துக்குச் சமமாக முன்னால் கொண்டுவரக் கூலி இவ்வளவு. சான்று பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் பேனல் அடிக்கும் நாள் முழுவதும் கூட இருக்க அவருக்கான சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன்னால் சுவரை, தரையிலிருந்து பாக்ஸ் எவ்வளவு உயரம், பைப் எந்தப் பக்கம் போகிறது என்று அளவுநாடா தெரியும்படி நாலைந்து படம் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். ஏற்கனவே பேனல் போட்டுவிட்டவர்கள் ஏசி, கீசர், அயர்ன் பாக்ஸ் செருகும் பிளேட்டுகளை இன்றே பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ சுட்டாலோ எலக்ட்ரீஷியனை அழைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பேனலின் விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். பாக்ஸுக்கான அந்த ஒரு வரியில் மட்டும் பேச வேண்டாம்.